நொட்டாங்கைச் சம்மனசு

சேசு மரி சூசை
திருச்சி, 10 பிப்ரவரி 1946

அன்புள்ள அக்காவுக்கு லீலா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீயும் மச்சானும் சுகமா? குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா? அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மணிக்கணக்கில் முழந்தாளில் நின்று செபம் சொன்னால் எந்த முழங்கால் தாங்கும் என்று நான் கேட்டதாகச் சொல்லிவிடாதே.

இந்தக் கடிதத்தை விடுதி மதர் படித்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார்கள். ஆகவே இங்கே எல்லாரும் நல்லவர்கள், சாப்பாடு பிரமாதம் என்று வைத்துக்கொள்.

அக்கா, மதராஸில் ஒரு சித்திரப் பள்ளி இருக்கிறது. அங்கே காலை முதல் மாலை வரை வரைவதுதான் படிப்பு. எங்கள் சித்திர ஆசிரியை சம்பூர்ணம் டீச்சர் அங்கே படித்தவர்கள். ஆறாம் பாரம் வரை பதினோரு வகுப்பும் முடிக்காமலே சேரலாமாம். இங்கே வாரத்துக்கு இரண்டு பீரியட்தான் சித்திரம். மற்ற நேரமெல்லாம் இங்கிலீஷ், சரித்திரம், பூகோளம், இன்னும் என்னென்னவோ. சாயம் கலக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

ஐந்தாம் பாரம் முடிந்ததும் இந்தப் பள்ளியை விட்டுவிட்டு ஜூலையில் மதராஸில் சேரலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆறாம் பாரத்தில் புதிதாக என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறார்கள்? நீதான் அப்பாவிடம் பேச வேண்டும். நீ கேட்டால் அவர் மறுக்க மாட்டார்.

எல்லா டீச்சர்களும் என் இடக்கையைத் தட்டியே வலக்கையால் எழுத வைத்தார்கள். சம்பூர்ணம் டீச்சர் மட்டும்தான், "எழுதறதை எந்தக் கையிலயாவது எழுது. வரையறதை உனக்கு வர்ற கையால வரை" என்றார்கள். அவர்கள் பேச்சைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை.

சீக்கிரம் பதில் எழுது.
உன் தங்கை,
லீலா மேரி

*

சேசு மரி சூசை
மேலக்குடிகாடு, ஏலாக்குறிச்சி தபால், 25 பிப்ரவரி 1946

என் அருமைத் தங்கை லீலாவுக்கு அமலோற்பவமேரி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். குழந்தைக்கு இரண்டு பல் வந்து, அது என் தோளில் பதிந்திருக்கிறது. அப்பாவின் முழங்கால் அப்படியேதான். நீ சொன்னதை நான் சொல்லவில்லை. உன் மச்சான் சொல்லிவிட்டார்.

நீ முடிவு செய்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். முடிவு செய்த பிறகு என்னை எதற்குத் தூது அனுப்புகிறாய்? நான் இன்னும் அப்பாவிடம் பேசவில்லை. அடுத்த வாரம் தவசுக்காலம் ஆரம்பிக்கிறது. ஊருக்கே ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், நம் அப்பா அமிர்தசாமி, ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருக்கிற நாற்பது நாளும் எப்படிச் சிடுசிடுப்பார் என்று உனக்குத் தெரியாதா? பாஸ்கா திருநாள் முடிந்த பிறகு பார்க்கலாம்.

உன் மச்சானிடம் மட்டும் சொன்னேன். "படிப்பை முடிச்சிட்டுப் போகட்டுமே, மதராஸ் எங்க ஓடியா போவுது?" என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. என்ன ஆனாலும் பள்ளிக்கூடத்தை விட்டு மட்டும் இறங்கிவிடாதே. ஏன் என்று இப்போது கேட்காதே.

எல்லாப் பாடத்தையும் எழுதினாய், கணக்கை மட்டும் காணோமே. அரைவருஷப் பரீட்சையில் எவ்வளவு வாங்கினாய்?

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.
அக்கா

*

சேசு மரி சூசை
திருச்சி, 12 மார்ச் 1946

அக்காவுக்கு லீலா எழுதுவது. சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

ஏன் என்று கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? நான் என்ன குழந்தையா? நீயும் அப்பா மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டாய். விடுமுறைக்கு வந்து நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே இப்போதே வெயில் அதிகமாக இருக்கிறது.

லீலா

*

சேசு மரி சூசை
மேலக்குடிகாடு, 24 ஜூன் 1946

என் தங்கை லீலாவுக்கு அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். நீ போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடுவாய் என்று பார்த்தேன். போடவில்லை. விடுமுறை முழுவதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாய். போகும்போது குழந்தைக்கு மட்டும் முத்தம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது, தெரியுமா?

நீ கேட்டதற்கு அப்பா, "பொண்ணுக்கு எதுக்குப் படம்?" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் நீ திரும்பிப் போய் ஆறாம் பாரத்தில் உட்கார்ந்தாயே, அதுவரைக்கும் என் நெஞ்சுக்கு நிம்மதி.

இப்போது ஒரு வேலை. செப்டம்பரில் நம் தெருக் கோயிலில் தேவதூதர் மிக்கேல் சம்மனசு திருநாள். பழைய கொடி கந்தலாகிவிட்டது. ரேஷனில் நல்ல துணி கிடைக்காததால் தெருவில் எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். அப்பா தன் பெட்டியிலிருந்து கட்டாத வேட்டி இரண்டை எடுத்துக் கொடுத்தார். நானே சேர்த்துத் தைத்துவிட்டேன். "படத்தை யாரு போடுறது?" என்று தெருக்காரர்கள் கேட்க, நான் உன் பேரைச் சொன்னேன். அப்பா தைத்த துணியை ஒரு தரம் விரித்துப் பார்த்தார். பிறகு, "கோயிலுக்குன்னா சரி" என்றார்.

துணியையும், பார்த்து வரைய ஒரு சுரூபப் படத்தையும் அனுப்புகிறேன். படம் ரொம்பப் பழசு. பார்த்துச் செய்.

இப்படிக்கு,
உன் கோபத்துக்கு ஆளான அக்கா

*

சேசு மரி சூசை
திருச்சி, 12 செப்டம்பர் 1946

அன்புள்ள அக்காவுக்கு லீலா தோத்திரம். நான் சுகம். அங்கே எல்லாரும் சுகமென்று மச்சான் சொன்னார். கொடியை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். மடிக்க வேண்டாம், சுருட்டியே வைக்கவும். சாயம் வெடித்துவிடும்.

கோபம் எல்லாம் போய்விட்டது. இரண்டு மாதமாக இந்தக் கொடியைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. நீ அனுப்பிய படத்தில் இறக்கையும் காலடியில் கிடக்கிற பசாசும்தான் தெரிந்தன. நடுவிலெல்லாம் கரையான் அரித்திருந்தது. ஆகவே சம்மனசை நானாக யோசித்து வரைந்தேன். வாளைப் பிடிக்கிற விரல்கள் சரியாக வராமல் மூன்று தரம் அழித்தேன். கடைசியில் வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அடிக்கோலை என் கையில் இறுக்கிப் பிடித்துப் பார்ப்பதும் வைத்துவிட்டு வரைவதுமாக, அந்த விரல்களை வரைந்துவிட்டேன். சம்பூர்ணம் டீச்சர் பார்த்துவிட்டு, "கை உயிரோட இருக்குடி" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கொடி ஏறுகிறபோது அப்பா முகத்தைப் பார்த்து எனக்கு எழுது. மறக்காதே.
லீலா

*

சேசு மரி சூசை
திருச்சி, 4 அக்டோபர் 1946

அக்காவுக்கு லீலா எழுதுவது. சுகம். எல்லாரும் சுகம்தானே? கொடி ஏறிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. திருநாளே முடிந்திருக்கும். உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஏதாவது தப்பாகிவிட்டதா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? தயவுசெய்து உடனே எழுது. எனக்குப் படிப்பே ஓடவில்லை.
லீலா

*

சேசு மரி சூசை
மேலக்குடிகாடு, 9 அக்டோபர் 1946

என் கண்ணே லீலா, அக்கா எழுதுவது. எல்லாரும் நல்ல சுகம். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் மச்சான் திருச்சிக்கு வருகிறார். பார்வையாளர் கூடத்தில் உன் கையிலேயே கொடுப்பார். மதர் கண்ணில் படக்கூடாத சங்கதி இருக்கிறது.

உன் சம்மனசு நொட்டாங்கைக்காரர் லீலா! நீ எந்தக் கையில் அடிக்கோலைப் பிடித்தாயோ அந்தக் கையிலேயே அவரும் வாளைப் பிடித்திருந்தார். சுருட்டி வைத்த கொடியை நாங்கள் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பங்குச் சுவாமியார் கொடியை மந்திரித்தார், மத்தளம் அடித்தார்கள், கொடி ஏறியது. காற்றில் விரிந்தபோது, கயிறு இழுத்த அரியமுத்து அண்ணாந்து பார்த்து, "ஏலே, சம்மனசு நொட்டாங்கையில வாளைப் புடிச்சிருக்காருடா! லீலாப் பொண்ணு மாதிரியே!" என்று கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

உன்னிடம் இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்கிறேன். விக்கிரமங்கலத்திலிருந்து உன்னைப் பெண் கேட்டிருந்தார்கள். பையன் பெரம்பலூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. போன தை மாதத்திலேயே வந்து கேட்டார்கள். அப்பா, "பொண்ணு படிப்பை முடிக்கட்டும், உடனே வச்சுக்கலாம்" என்று பாதி வாக்குக் கொடுத்துவிட்டார். நீ பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கிய அன்றைக்கே கோயிலில் கல்யாண ஓலை வாசித்திருப்பார்கள். மதராஸாவது, படமாவது! அதனால்தான் விட்டுவிடாதே விட்டுவிடாதே என்று கத்தினேன். சொன்னால் நீ அப்பாவிடம் சண்டைக்குப் போவாய், காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எழுதினாலோ மதர் படிப்பார்கள்.

அந்த விக்கிரமங்கலத்துக்காரர்கள் அன்றைக்குத் திருநாள் விருந்தாளிகளாக வந்து முன்வரிசையில் நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா திரும்பி நம் அப்பாவிடம், "உபதேசியாரே, பொண்ணு நொட்டாங்கைன்னு சொல்லவே இல்லையே? எங்க வூட்ல சோறு பரிமாறணுமே. சம்மனசையே இப்படி வரைஞ்ச கை நமக்கு ஒத்து வராதுங்க" என்றார். கொடியை இறக்கச் சொல்லி வேறு குரல் கொடுத்தார். நாலு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

அப்போது அப்பா என்ன செய்தார் தெரியுமா? கொடிமர மேடையில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் கேள்வி கேட்பாரே, அதே குரலில், "சம்மனசுகள் யாரு? சொல்லுங்க பாப்போம்" என்றார். முன்னால் நின்ற பிள்ளைகள் பழக்க தோஷத்தில், "சரீரமில்லாத அரூபிகள்!" என்று கத்திவிட்டார்கள். "சரீரமே இல்லாதவருக்கு வலக்கை ஏது, இடக்கை ஏது? எல்லாக் கையும் ஆண்டவர் குடுத்ததுதான். கொடி இறங்காது" என்றார். சுவாமியார் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

விருந்தாளிகள் சாப்பிடாமல் வண்டி கட்டினார்கள். சம்பந்தம் அதோடு போனது. ஒன்பது நாளும் கொடி பறந்தது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் நொட்டாங்கைச் சம்மனசைப் பார்க்க வந்தார்கள்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்றால், வாக்கு முறிந்ததில் அப்பா வருத்தப்படுவாரோ என்று பயந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் சாப்பிடும்போது, "நல்லதாப் போச்சு. சோறு பரிமாறுற கைய மட்டும் பாக்குறவனுக்கா பொண்ணு கொடுக்குறது?" என்றார். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன், அழுதேன், எல்லாம் செய்தேன். மார்பில் வைத்த அம்மிக்கல்லை எடுத்தது போல் இருக்கிறது லீலா.

உன் பதிலை மச்சானிடமே கொடுத்தனுப்பு.
அக்கா

*

சேசு மரி சூசை
திருச்சி, 10 அக்டோபர் 1946

அக்கா, மச்சான் கூடத்தில் காத்திருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. என் கல்யாணம் எனக்குத் தெரியாமல் ஒன்பது மாதமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது! ஆனால் நீ பக்கத்தில் இருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன். நான் என்ன செய்ய?

எந்தக் கை என்று சத்தியமாகத் தெரியவில்லை அக்கா. எனக்கு அது சரியான கையாகத்தான் தெரிந்தது.

நீ மறைத்ததைச் சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். அரைவருஷத்தில் கணக்கில் எனக்குப் பதினொன்று. நூற்றுக்கு. பள்ளியை விட ஆசைப்பட்டதில் பாதி சித்திரத்தின் மேல் ஆசை, பாதி கணக்கின் மேல் பயம். கடைசிப் பரீட்சையில் தேறாமல் போனால் எல்லார் முகத்திலும் எப்படி விழிப்பது என்று நினைத்து, பரீட்சை வருவதற்குள் ஓடிவிடப் பார்த்தேன். இனி ஓட மாட்டேன். எனக்காக மேடையேறிய அப்பாவுக்கு, பாதியில் விட்டவள் என்ற பெயர் வாங்கிக் கொடுக்கக் கூடாது.
லீலா

*

சேசு மரி சூசை
மேலக்குடிகாடு, 12 ஜனவரி 1947

அன்பு லீலாவுக்கு அக்கா ஆசீர்வாதம். சுகம். கிறிஸ்துமஸுக்கு நீ வந்து போனதிலிருந்து குழந்தை "சித்தி" என்று சொல்லக் கற்றுக்கொண்டு, ஆட்டுக்குட்டியையும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறது.

அப்பா உன் படிப்பைப் பற்றி இப்போது அவராகவே பேசுகிறார். அரியலூர் போன இடத்தில் யாரையோ விசாரித்திருக்கிறார். கும்பகோணம் பக்கம் கன்னியாஸ்திரீகள் ஒரு பள்ளி நடத்துகிறார்களாம். பூத்தையல், பீடத்துணிக்குப் பூ வரைவது, கூடவே கொஞ்சம் பாடமும் உண்டாம். "அதுவும் படந்தானே? பக்கத்துலயும் இருக்கு" என்கிறார். மதராஸ் என்றாலே இன்னும் பேச்சை மாற்றிவிடுகிறார். உன் மனசில் இருப்பதை அவருக்கே நேராக எழுது. இனி நான் தூது போக மாட்டேன். கணக்கு எப்படிப் போகிறது?
அக்கா

*

சேசு மரி சூசை
திருச்சி, 2 பிப்ரவரி 1947

அன்புள்ள அக்காவுக்கு லீலா தோத்திரம். சுகம். கணக்கைப் பற்றி நீ கேட்டால் இனி வெயிலைப் பற்றி எழுத மாட்டேன். சம்பூர்ணம் டீச்சர் எங்களைப் பள்ளித் தாழ்வாரத்தை வரையச் சொன்னார்கள். தூரத்துத் தூண்கள் எவ்வளவு சின்னதாகத் தெரிகின்றன என்று பென்சிலை நீட்டி அளந்தேன். "இதைத்தானே கணக்குப் புத்தகத்துல வடிவொத்த முக்கோணம்னு போட்டிருக்கான்" என்றார்கள். ஓடிப் போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். அதேதான்! மூன்று வருஷமாக என்னை அழவைத்த தேற்றம் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. இப்போது மற்றக் கணக்குகளும் பயமில்லாமல் போடுகிறேன். தப்பாகத்தான் வருகின்றன, ஆனால் பயமில்லை.

நீ சொன்னபடி அப்பாவுக்கு நேராகவே எழுதிவிட்டேன். அந்தப் பள்ளியில் யாரோ வரைந்த பூவைத் துணியில் ஒற்றி எடுப்பார்கள், மதராஸில் உயிருள்ள பூவைப் பார்த்து நாமே வரைய வேண்டும், எனக்கு இதுதான் வேண்டும் என்று எழுதினேன். பதிலாக ஒரு கார்டு வந்தது. சுகம் விசாரித்துவிட்டு மூன்றே வரி: "எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். மதராஸில் கன்னியர் விடுதியில்தான் தங்க வேண்டும். ஞாயிறு பூசை தவறக் கூடாது." மதராஸ் என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார் அக்கா!

இனி எல்லாம் என் பரீட்சையில்தான் இருக்கிறது. எனக்காக வேண்டிக்கொள்.
லீலா

*

சேசு மரி சூசை
மேலக்குடிகாடு, 8 ஜூன் 1947

என் தங்கமே, மதராஸில் சேர்வதற்காக வரைந்து பழகச் சம்பூர்ணம் டீச்சர் வீட்டில் தங்கியிருக்கிற நீ, அங்கேயே பேப்பரில் சேதி தெரிந்துகொண்டிருப்பாய். இங்கே நாங்கள் பட்ட பாட்டைக் கேள்.

பரீட்சை முடிவு பேப்பரில் வருகிறது என்று அப்பா விடியற்காலையில் அரியலூருக்குப் போனார். நானும் மச்சானும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் திரும்பி வந்தார். எங்களைப் பார்த்தார். வீட்டைத் தாண்டி நேரே கோயிலுக்குள் போய்விட்டார். போச்சு, தேறவில்லை என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மச்சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். கோயிலில் எட்டிப் பார்த்தால் அந்த வலிக்கிற முழங்காலில் நின்றுகொண்டு அப்பா செபமாலை உருட்டுகிறார். ஐம்பத்து மூன்று மணியையும் முடிக்கட்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உயிர் என்னிடம் இல்லை.

எழுந்து வந்து, "என்ன அழுவுற? தேறிட்டா" என்றார். "இதைச் சொல்லிட்டுக் கோயிலுக்குப் போகக்கூடாதாப்பா?" என்று கத்தினேன். "முதல்ல சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றார். வாழ்க்கையில் முதல்தரமாக அப்பாவைத் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மதராஸுக்கு உன்னைக் கொண்டுபோய் விட அவரே வருகிறார். புளியோதரை கட்டித் தருகிறேன்.
அக்கா

*

சேசு மரி சூசை
மதராஸ், 27 ஜூலை 1947

அன்புள்ள அக்காவுக்கு லீலா தோத்திரம். நான் நல்ல சுகம். நீயும் மச்சானும் குழந்தையும் சுகமா? அப்பா பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததற்குக் கார்டு வந்தது. வண்டி ஏற எழும்பூருக்குக் கிளம்புகிற வரைக்கும் விடுதி மதரிடம் எனக்குச் சளி பிடிக்கும், தயிர் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பள்ளி பெரிய மரங்களுக்கு நடுவே இருக்கிறது. பெண்கள் நாங்கள் நாலு பேர். நீ நினைப்பது போல் சம்மனசுகளை எல்லாம் வரையச் சொல்லவில்லை. ஒரு மண்பானையை முக்காலியில் வைத்து, மூன்று வாரமாக அதையே வரைகிறோம். சாயங்காலத்தில் சில நாள் எனக்குக் கணக்குப் புத்தகம்கூட ஞாபகம் வருகிறது, நம்புவாயா? சரித்திரமும் படிக்க ஆசையாக இருக்கிறது. விடுதி நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று ஆசிரியர் என் பின்னால் வந்து வெகுநேரம் நின்றார். இடக்கையைப் பார்க்கிறார் என்று நினைத்துப் பென்சிலை வலக்கைக்கு மாற்றப் போனேன். பக்கத்துப் பலகைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். கைமேல் யார் கண்ணும் படவில்லை அக்கா. பொண்ணுக்கு எதுக்குப் படம் என்று இங்கே ஒருவரும் என்னைக் கேட்பதில்லை. உன் பானை ஏன் சாய்ந்திருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

உன் தங்கை,
லீலா மேரி